மாய அரட்டை உலகமும் நம் நடத்தையும்

பள்ளி ஆண்டு விழாவில் நாடகம் நடக்கிறது. வகுப்பில் வாயே திறக்காத மாணவன் ஒருவனுக்கு அரசன் வேடம் கிடைக்கிறது. தலையில் அட்டைக் கிரீடம், இடையில் மர வாள். மேடை ஏறியதும் அவன் நடை மாறுகிறது. குரலில் கம்பீரம் ஏறுகிறது. எதிரே நிற்கும் 'அமைச்சரை' அதட்டவும் செய்கிறான். நாடகம் முடிந்து வேடம் கலைந்த பின் அந்தக் கம்பீரத்தில் கொஞ்சமாவது அவனிடம் தங்கியிருக்குமா? அல்லது கிரீடத்தோடு அதுவும் பெட்டிக்குள் போய்விடுமா?

வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான சிறுவர் சிறுமியர் நாள்தோறும் இப்படி வேடம் கட்டுகிறார்கள். மேடைதான் வேறு. கணிப்பொறித் திரையிலும் கைபேசித் திரையிலும் விரியும் மாய உலகங்களில் ஆளுக்கொரு உருவத்தைத் தேர்ந்தெடுத்து, வேறு பெயர் சூட்டிக்கொண்டு, முன்பின் அறியாதவர்களோடு உரையாடுகிறார்கள், விளையாடுகிறார்கள், சண்டையிடுகிறார்கள், நட்புக் கொள்கிறார்கள்.

"இதனால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்" என்று பெரியவர்கள் கூறுகின்றனர். "இது வெறும் விளையாட்டுத்தானே" என்று பிள்ளைகள் கூறுகின்றனர். இவற்றுள் எது சரி? விவாதத்தால் மட்டும் இதற்கு விடை காண இயலாது, சோதனைதான் வேண்டும். நல்ல வேளையாக, ஆய்வாளர்கள் பல சோதனைகளைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றை இங்கே காண்போம்.

மாய உலகம் பிறந்த கதை

1978-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் ஒரு விளையாட்டு நிரலை எழுதத் தொடங்கினார். உடன் பயின்ற ரிச்சர்ட் பார்ட்டில் அதனை மேலும் வளர்த்தார். 'மட்' எனப்பட்ட அந்த உலகில் படம் எதுவும் கிடையாது. நீங்கள் நிற்கும் இடம், எதிரே தெரியும் பாதை, அருகில் இருக்கும் ஆள் எல்லாமே எழுத்தால்தான் விவரிக்கப்படும். ஆனால் பலர் ஒரே நேரத்தில் அதனுள் நுழையலாம். ஒருவரோடு ஒருவர் பேசலாம். அதுதான் புதுமை.

1986-இல் அமெரிக்காவின் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தைச் சேர்ந்த சிப் மார்னிங்ஸ்டார், ராண்டி ஃபார்மர் ஆகியோர் 'ஹேபிடாட்' என்ற மாய ஊரைச் சோதனைக்கு விட்டனர். 64 கிலோபைட் நினைவகமே கொண்ட கமடோர் 64 என்ற சிறு கணிப்பொறியும் ஒரு தொலைபேசி இணைப்பும் இருந்தால் அந்த ஊருக்குள் போகலாம். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு உருவம் உண்டு. நீங்கள் தட்டும் சொற்கள் அதன் தலைக்கு மேலே, படக்கதைகளில் வருவதுபோல், ஒரு குமிழுக்குள் தோன்றும். அந்த உருவத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'அவதார்'. நாம் நன்கறிந்த 'அவதாரம்' என்னும் வடசொல்தான் அது. விண்ணிலிருந்து மண்ணுக்கு இறங்கி வருவதைக் குறித்த சொல், மண்ணிலிருந்து திரைக்குள் இறங்குவதைக் குறிக்கலாயிற்று.

2000-இல் பின்லாந்தில் 'ஹேபோ ஹோட்டல்' தோன்றியது. பள்ளி வயதினரே அதில் மிகுதி. 2003-இல் 'செகண்ட் லைஃப்', 2006-இல் 'ரோப்ளாக்ஸ்' என வரிசை நீண்டது. இன்று பலர் சேர்ந்து ஆடும் கைபேசி விளையாட்டுகள் பலவற்றிலும் அரட்டை வசதி உண்டு. ஆகவே விளையாட்டிற்கும் அரட்டை அரங்கிற்கும் இடையே இருந்த கோடு பெரிதும் அழிந்துவிட்டது.

ஓர் ஊரே உருவாயிற்று

ஹேபிடாட்டில் நடந்தவை படிக்கச் சுவையானவை. அந்த ஊரில் திருட்டு நடந்தது. துப்பாக்கி வாங்கியவர்கள் பிறரைச் சுட்டார்கள். சுடப்பட்ட அவதாரம் உண்மையில் இறந்துவிடாது. கையிலிருந்த பொருளைப் பறிகொடுத்து, தன் தலையைத் தானே கையில் ஏந்தியபடி வீடு போய்ச் சேரும்! சிலர் இதை வேடிக்கை என்றனர். வேறு சிலர் கொதித்தெழுந்தனர். ஓர் அவதாரத்தைச் சுடுவது கொலையா, விளையாட்டா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஊர் சரிபாதியாகப் பிரிந்து நின்றது. முடிவில் நகருக்குள் ஆயுதம் கூடாது என்றும், நகருக்கு வெளியே அவரவர் பாடு என்றும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

இதற்கிடையே, வெளி உலகில் பாதிரியாராக இருந்த ஒருவர் அங்கே ஒரு சபையைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் ஆயுதம் ஏந்தக் கூடாது, திருடக் கூடாது, வன்முறையில் இறங்கக் கூடாது. பின்னர் ஊரைக் காக்கத் தலைமைக் காவலர் ஒருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவற்றுள் எதையும் நிரல் எழுதியவர்கள் திட்டமிடவில்லை. ஆட்கள் கூடினார்கள், அவர்களோடு பேராசை, பகை, இரக்கம், நியாயம் எல்லாம் உள்ளே வந்துவிட்டன.

மாய உலகில் நடப்பது வெளி உலகையும் தொடும். ஹேபோ ஹோட்டலில் தம் அறையை அலங்கரிக்க மேசை நாற்காலிகளை உண்மையான பணம் கொடுத்து வாங்குவர். 2007-இல் நெதர்லாந்தில், பிறருடைய ரகசியச் சொல்லை ஏமாற்றிப் பெற்று 4,000 யூரோ மதிப்புள்ள இத்தகைய மாயப் பொருள்களைத் திருடியதாக ஓர் இளைஞன் கைது செய்யப்பட்டான். நாற்காலி மாயம், சிறை மாயமன்று.

உருவம் மாறினால் நடத்தை மாறுமா?

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் ஆகிய இருவரும் 2007-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டனர்.

மாணவர் ஒருவர் தலையில் மாயக் காட்சிக் கருவியை அணிந்துகொள்கிறார். அவர் கண்முன் ஓர் அறை தோன்றுகிறது. எதிரே வேறொருவரின் உருவம் நிற்கிறது. இருவரும் 100 டாலரைத் தமக்குள் பங்கிடுவதுபோல் பேரம் பேச வேண்டும். ஒருவர் ஒரு பங்கீட்டைச் சொல்ல, மற்றவர் அதை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. இதில் ஓர் உத்தி புகுத்தப்பட்டது. சிலருக்கு எதிராளியைவிட 10 செண்டிமீட்டர் உயரமான உருவம் தரப்பட்டது. சிலருக்கு அதே அளவு குட்டையான உருவம். சிலருக்குச் சம உயரம். இந்த வேறுபாடு சோதனைக்கு வந்த மாணவரின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். எதிராளிக்கு எல்லோரும் ஒரே உயரமாகவே தெரிந்தனர்.

இந்த ஏற்பாடு ஏன் என்று சற்று எண்ணிப் பாருங்கள். எதிராளிக்கும் உயரம் தெரிந்தால், அவர் பணிவாகவோ அதிகாரமாகவோ நடந்திருக்கலாம். அப்போது மாற்றம் யாரால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. ஓம் விதியைச் சரிபார்க்கும்போது வெப்பநிலையை மாறாமல் வைத்துக்கொண்டு, மின்னழுத்தத்தை மட்டும் மாற்றுகிறோம் அல்லவா? அதுபோல்தான் இதுவும். ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை நிலையாக வை.

முடிவு என்ன? எதிராளி 75 டாலரைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு 25 டாலரை மட்டும் தர முன்வந்தபோது, அந்த நியாயமற்ற பங்கீட்டை ஏற்றுக்கொண்டவர்கள் குட்டை உருவம் பெற்றவர்களிடையே மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தனர். அவர்களுடைய உண்மையான உயரம் எதுவும் மாறவில்லை. உருவத்தைப் பார்த்தார்கள், அதற்கேற்பத் தம்மை எடைபோட்டுக்கொண்டார்கள். நினைத்தபோது உருவை மாற்றிக்கொள்ளும் கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயரால் இதனைப் 'புரோட்டியஸ் விளைவு' என்று வழங்குகின்றனர். 2009-இல் இதே குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், உயரமான உருவம் தந்த துணிவு, கருவியைக் கழற்றிய பின் நேருக்கு நேர் நடந்த பேரத்திலும் சிறிது நேரம் தொடர்ந்தது தெரியவந்தது.

ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. இவற்றில் கலந்துகொண்டவர்கள் சில டஜன் கல்லூரி மாணவர்களே. பின்னர் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், விளைவு உண்டு, ஆனால் மிகப் பெரிதன்று என்று தெரிகிறது. வேடம் நம்மை முற்றிலும் வேறு ஆளாக்கிவிடாது. நம் நடத்தையைச் சற்றே ஒரு பக்கம் சாய்க்கும்.

பந்து வராத ஆட்டம்

கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் அமர்ந்திருந்தார். அவர் அருகே ஒரு பறக்கும் தட்டு வந்து விழுந்தது. எடுத்து அதை ஆடிக்கொண்டிருந்த இருவரிடம் வீசினார். அவர்கள் திருப்பி இவருக்கே வீசினர். முன்பின் அறியாத மூவரும் சிறிது நேரம் ஆடினர். பிறகு திடீரென்று அவர்கள் இவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டனர். யாரோ இருவர், ஒரு சிறு விளையாட்டு. ஆயினும் தம் மனம் இப்படி வலிக்கிறதே என்று அவர் வியந்தார்.

அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 'சைபர்பால்' என்னும் கணிப்பொறிச் சோதனை. திரையில் மூன்று கேலிச்சித்திர உருவங்கள் பந்து வீசி ஆடுகின்றன. அவற்றுள் ஒன்று நீங்கள். மற்ற இருவரும் வேறு அறையில் இருப்பதாக உங்களிடம் சொல்லப்படும். உண்மையில் அவர்களை இயக்குவது கணிப்பொறியே. தொடக்கத்தில் பந்து உங்களுக்கும் வரும். பிறகு வரவே வராது. இவ்வளவுதான் சோதனை.

சில நிமிடங்களே நடக்கும் இந்த ஆட்டத்திற்குப் பின், தாம் யாருக்கும் வேண்டாதவர், தம் மதிப்புக் குறைந்தது என்ற உணர்வு ஏற்படுவதைப் பல நாடுகளில் நடந்த சோதனைகள் காட்டியுள்ளன. 2003-இல் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர் இந்த ஆட்டத்தின்போது 13 பேரின் மூளையைக் காந்த அதிர்வுக் கருவியால் படம் பிடித்தனர். உடல் வலியின்போது கிளர்ச்சி அடையும் பகுதிகளுள் ஒன்று, பந்து வராதபோதும் கிளர்ச்சி அடைந்தது. அப்பகுதிக்கு வேறு பணிகளும் உண்டாதலால் 'இரண்டு வலியும் ஒன்றே' என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மாய உலகில் ஒதுக்கப்படுவதை மூளை அற்பமாக எடுத்துக்கொள்வதில்லை என்பது தெளிவு. 2004-இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. "உங்களோடு ஆடுவது கணிப்பொறிதான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டபோதும் மனம் வருந்தவே செய்தது!

2010-இல் லண்டன் ஆய்வாளர்கள் இதே ஆட்டத்தை வளரிளம் பருவத்துச் சிறுமியரிடமும் வயதுவந்த பெண்களிடமும் நடத்தினர். ஒதுக்கப்பட்டபின் மனநிலை தாழ்ந்தது சிறுமியரிடம் கூடுதலாக இருந்தது. ஒத்த வயதினர் நம்மை ஏற்றுக்கொள்கிறார்களா என்பது வாழ்நாளிலேயே மிகுதியாக உறுத்தும் பருவம் இது. ஆகவே குழுவிலிருந்து ஒருவனை நீக்கிவிட்டு "சும்மா வேடிக்கைக்குத்தான்" என்று சொல்பவர், தாம் செய்தது எத்தகையது என்பதை உணர்வதில்லை.

கண்ணைப் பார்க்காமல் பேசும்போது

நேரில் பேசும்போது அடக்கமாக இருக்கும் ஒருவர், அரட்டையில் ஏன் கொட்டித் தீர்க்கிறார்? ஜான் சூலர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2004-இல் இதனை விளக்கினார். பெயர் தெரியாது, முகம் தெரியாது, பதிலை உடனே எதிர்கொள்ள வேண்டியதில்லை, எல்லாம் ஏதோ விளையாட்டு உலகில் நடப்பதுபோல் தோன்றுகிறது, கண்டிக்க ஆசிரியரோ பெரியவரோ அருகில் இல்லை. இவை சேர்ந்து மனத்தின் தடைகளைத் தளர்த்திவிடுகின்றன. இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு என்றார் அவர். திக்குவாயுள்ள மாணவி தயக்கமின்றி உரையாடலாம். யாரிடமும் சொல்லாத துயரத்தை ஒருவர் வெளியிடலாம். அதே தளர்ச்சியால் வேறொருவர் வாய்கூசாமல் வசைபாடலாம்.

இவற்றுள் எந்தக் காரணம் வலியது? இஸ்ரேலின் இரு ஆய்வாளர்கள் 2012-இல் இதனைப் பிரித்துப் பார்த்தனர். 142 பேரை இருவர் இருவராக அரட்டையில் வாதாட வைத்தனர். சிலருக்குப் பெயர் மறைக்கப்பட்டது. சிலருக்கு உருவம் மறைக்கப்பட்டது. சிலர் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வகை செய்யப்பட்டது. கடுமையான பேச்சுக்குப் பெரும் காரணமாக நின்றது பெயர் மறைவன்று. கண்ணோடு கண் நோக்காமைதான். நாம் சொன்ன சொல் எதிரே இருப்பவரின் கண்ணில் என்ன செய்கிறது என்பதைக் கண்டால் நாக்கு தானாகவே கட்டுப்படுகிறது. மாய உலகில் அந்தத் தடுப்புக் கருவி கழன்றுவிடுகிறது.

முகக்குறிப்பை அறிவது பழக்கத்தால் வளரும் திறன். 2014-இல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வில், 51 பள்ளிப் பிள்ளைகள் ஐந்து நாள்கள் திரை எதுவுமின்றி இயற்கை முகாமில் தங்கினர். வழக்கம்போல் பள்ளியில் இருந்த 54 பேர் ஒப்பீட்டுக் குழு. முகாமில் இருந்தவர்கள் முகக்குறிப்பால் உணர்ச்சியை அறிவதில் மற்றவர்களைவிட மிகுந்த முன்னேற்றம் கண்டனர். திரை இல்லாததாலா, நண்பர்களோடு நேரில் பழகியதாலா என்பதை இச்சோதனை பிரித்துக் காட்டவில்லை. ஆனால் பயிற்சி நேருக்கு நேர்தான் கிடைக்கிறது என்பது விளங்குகிறது.

நன்மையா, தீமையா?

மழைக்காலத்தில் குடை விற்பனை கூடுகிறது; காய்ச்சலும் கூடுகிறது. அதனால் குடை காய்ச்சலைத் தருகிறது என்போமா? இரண்டுக்கும் காரணம் மழைக்காலம். அதுபோலவே, மிகுதியாக அரட்டையில் இருப்பவர் தனிமையில் வாடுகிறார் என்று கண்டால், அரட்டை தனிமையைத் தந்ததா, தனிமை அரட்டைக்குத் துரத்தியதா என்று கேட்க வேண்டும்.

1998-இல் ராபர்ட் க்ராட் குழுவினர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் முதன்முதலாக இணையம் பெற்ற 73 வீடுகளைச் சேர்ந்த 169 பேரைக் கவனித்து, இணையப் பயன்பாடு மிகுந்தோரிடம் குடும்பத்தாரோடு பேச்சுக் குறைந்து, தனிமை உணர்வு சற்றுக் கூடியதாக அறிவித்தனர். உலகமே பரபரப்படைந்தது. அதே குழுவினர் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிட்ட கட்டுரையில், அத்தீமைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டதாகக் கூறினர். ஆய்வு என்பது இப்படித்தான். தன் முடிவைத் தானே திரும்பவும் சோதிக்கும்.

2007-இல் நெதர்லாந்தின் வால்கன்பர்க், பீட்டர் ஆகியோர் 10 முதல் 17 வயது வரையுள்ள 1,210 பேரிடம் நடத்திய ஆய்வு, நமக்கு மிகவும் பயனுள்ள ஒரு வேறுபாட்டைக் காட்டியது. ஏற்கெனவே அறிந்த நண்பர்களோடு செய்தி பரிமாறியவர்களுக்கு நட்பின் தரம் உயர்ந்தது, மனநலமும் உயர்ந்தது. பொது அரட்டை அரங்கில், பெரும்பாலும் முன்பின் அறியாதவர்களோடு பேசியவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. கருவி ஒன்றுதான், யாரோடு பேசுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

2019-இல் ஓர்பன், பிரஸிபில்ஸ்கி ஆகியோர் மூன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட இளையோரின் தரவுகளை அலசினர். அவர்களிடையே மனநலத்தில் காணும் வேறுபாட்டில், கணிப்பொறி, கைபேசி முதலியவற்றின் பயன்பாட்டோடு தொடர்புள்ளது அதிகம் போனால் 0.4 விழுக்காடே. கண்ணாடி அணிவதற்கு இருந்த தொடர்புகூட இதைவிடப் பெரிது! ஆகவே 'தலைமுறையே அழிந்தது' என்பது மிகை. ஆனால் இது சராசரிக் கணக்கு என்பதை மறவாதீர்கள். சராசரி ஆழம் மூன்றடி என்று கேட்டு ஆற்றில் இறங்கியவன் மூழ்கவும் கூடும். வஞ்சகனிடம் சிக்கிய ஒரு மாணவிக்குச் சராசரியால் ஆறுதல் இல்லை. 2012-இல், பெரியவர்கள் சிறுவர்களிடம் தகாத முறையில் பேசுவதை ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி வெளிப்படுத்தியதும், ஹேபோ ஹோட்டல் தன் அரட்டை முழுவதையும் சில நாள்கள் நிறுத்திவைக்க நேர்ந்தது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. திரையில் உள்ள உருவம் புனைவு. அதன் பின்னே இருப்பவர் மனிதர். நேரில் சொல்லக் கூசும் சொல்லை அங்கேயும் சொல்லாதீர்கள்.

2. '15 வயது' என்று சொல்லும் உருவத்திற்குப் பின்னே 40 வயது ஆள் இருக்கலாம். வீட்டு முகவரி, பள்ளியின் பெயர், புகைப்படம், ரகசியச் சொல் ஆகியவற்றைத் தராதீர்கள்.

3. "தனியாகப் பேசுவோம், வீட்டில் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால் அதுவே அபாய அறிவிப்பு. உடனே நிறுத்தி, நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் சொல்லுங்கள். ஏமாந்தவர் குற்றவாளி அல்லர். சொல்வதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. இந்தியாவில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இணையக் குற்றங்களைத் தெரிவிக்க 1930.

4. சண்டை மூண்டால் அரட்டையில் தீர்க்க முயலாதீர்கள். மறுநாள் நேரில் பேசுங்கள்.

5. உங்கள் குழுவில் யாருக்காவது பல நாள்களாகப் 'பந்து' வரவில்லையா? நீங்களே ஒன்றை அவருக்கு வீசுங்கள். அதற்குச் செலவு ஏதுமில்லை. பெறுபவருக்கு அதன் மதிப்பு மிகப் பெரிது.

செய்து பாருங்கள்

"உனக்கு எல்லாம் தெரியுமே" என்ற ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சீட்டுகளில் பாராட்டு, கேலி, கோபம், வருத்தம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாணவர் ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டை எடுத்து, அதிலுள்ள உணர்ச்சியோடு அந்த வாக்கியத்தைச் சொல்லட்டும். சீட்டை மீண்டும் கலக்கி, 12 முறை இவ்வாறு செய்ய வேண்டும். இரண்டாம் மாணவர் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். மூன்றாமவர் முதுகைத் திருப்பிக்கொண்டு குரலை மட்டும் கேட்கட்டும். நான்காமவர் அறைக்கு வெளியே நின்று, தாளில் எழுதி அனுப்பும் அதே வாக்கியத்தை மட்டும் படிக்கட்டும். ஒவ்வொரு முறையும் என்ன உணர்ச்சி என்பதை மூவரும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொன்னாலே 12-க்கு ஏறக்குறைய 3 சரியாக அமையும். நான்காமவரின் மதிப்பெண் அதற்கு அருகில்தான் நிற்கும். மற்ற இருவரும் எவ்வளவு பெற்றனர்? கண்ணை மூடியதால் இழந்தது எவ்வளவு, காதையும் மூடியதால் இழந்தது எவ்வளவு என்று கணக்கிட்டு, உங்கள் வகுப்பில் பட்டியலாக எழுதிப் பாருங்கள்.